தையல் மிஷினுக்கு ஒரு ஓட்டு

ஒரு விரல்தானே. எவளுடைய விரல் என்று அந்த ஓட்டு மிஷினுக்குத் தெரியுமா? தெரியாது. தெரியவே தெரியாது என்று பூத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியார்கூடச் சொன்னார். பிறகு ஏன் இந்த மனுஷன் சட்டையைக்கூடக் கழற்றாமல் இப்படி உட்கார்ந்திருக்கிறான்?

பச்சையம்மாள் தண்ணீர்ச் சொம்பை நீட்டியபடி நின்றாள். காசிநாதன் அதை வாங்கவில்லை. செங்கல்பட்டில் ஓட்டு எண்ணி முடித்து, அச்சரப்பாக்கம் வரை லாரியில் கோஷம் போட்டபடி வந்து, அங்கிருந்து யாருடைய வண்டியிலோ ஏறி வீடு சேர்ந்திருந்தான். கட்சி ஜெயித்துவிட்டது. தெருமுனையில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. ஊரின் கிளைச் செயலாளர் மட்டும் முகம் செத்துப்போய் நடுக்கூடத்தில் நாற்காலியில் இருந்தான்.

"செயிச்சாச்சுன்னு ஊரே குதிக்குது. நீ இன்னா இப்பிடி குந்திகினு கீற?"

காசிநாதன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தான். ஓட்டு எண்ணுகிற இடத்தில் அவன் கட்சியின் ஏஜெண்ட். மேசை மேசையாகச் சொன்ன எண்களைக் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குறித்து வந்திருந்தான்.

"நம்ம ஊரு பொம்பள பூத்துல முந்நூத்தி எம்பத்தாறு ஓட்டு. நமக்கு முந்நூத்தி எம்பத்தஞ்சு."

"நல்லாத்தான கீது?"

"இன்னா நல்லா கீது? ஒண்ணு தையல் மிஷின் சின்னத்துக்குப் போயிருக்குடி."

சொம்பு நழுவவில்லை. அதை அவளே வேடிக்கை பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "ஆம்பள பூத்துல?" என்று கேட்டாள்.

"அதுல நாலு எதிர்க்கட்சிக்குப் போயிருக்கு. குடிச்சிட்டுப் போய் கண்ணு தெரியாம அமுக்கியிருப்பானுங்க. அத்த வுடு."

நாலு பேரை விட்டுவிட்டான். ஒருத்தியை விடவில்லை.

விடமுடியாததற்கும் காரணம் இருந்தது. வேட்பாளர் ஊருக்கு வந்த அன்று காசிநாதன் மைக்கைப் பிடித்து, "எங்க ஊருல பொம்பளைங்க ஓட்டு ஒண்ணுகூட வெளிய போவாது, இது நான் குடுக்குற வாக்கு" என்று முழங்கியிருந்தான். ஒன்றியச் செயலாளர் ஜானகிராமன் பக்கத்தில் நின்று கை தட்டினார். அக்டோபரில் பஞ்சாயத்துத் தேர்தல் வரும். தலைவர் பதவிக்குக் கட்சி யாரைக் கைகாட்டும் என்பது ஜானகிராமனின் வாயில் இருந்தது. இன்று அதே ஜானகிராமன் எண்ணுகிற இடத்தில் பத்துப் பேர் நடுவில், "இன்னாப்பா காசி, உங்க ஊருல யாரோ ஒரு பொம்பளைக்கு தையல் மிஷினு வேணுமாமே, நீ வாங்கிக் குடுக்கலியா?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம்.

காசிநாதன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பச்சையம்மாள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவள் முகத்தை ஒருமுறைகூட நேராகப் பார்த்திராத மனிதர் அவள் மனதில் இருந்ததை அப்படியே சொல்லியிருந்தார்.

கல்யாணமான மறுவருஷம் அவள் அச்சரப்பாக்கத்தில் ஆறு மாதம் தையல் கற்றாள். அவளும் எதிர்வரிசைக் கன்னியம்மாவும் சேர்ந்துதான் பஸ்ஸில் போய் வந்தார்கள். அதன் பிறகு மிஷின் வேண்டும் என்று காசிநாதனிடம் மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை அவன், "கிளைச் செயலாளர் பொண்டாட்டி ஊரார் ரவிக்கைய தெச்சிகினு குந்துவாளா? டப்பு இல்லன்னா சொல்லு, தர்றேன்" என்றான். பணத்துக்காகக் கேட்கவில்லை என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. அத்தோடு விட்டுவிட்டாள்.

கன்னியம்மாவின் புருஷன் கல்குவாரியில் செத்துப்போனான். விதவைகளுக்கு அரசாங்கம் தரும் இலவச மிஷினுக்குக் காசிநாதனே மனு எழுதிக்கொடுத்து, ஜானகிராமனோடு போட்டோ எடுக்க வைத்து, அவள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். அன்றிலிருந்து அது கட்சி கொடுத்த மிஷின் ஆகிவிட்டது. கன்னியம்மாவுக்குப் பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் வேலை கிடைத்ததும் அவனால்தான். மதியம் வரை சமையல், மாலையில் தையல். பச்சையம்மாள் தன் ரவிக்கைகளைக் கன்னியம்மாவிடம்தான் தைக்கக் கொடுத்தாள். அந்த வீட்டைத் தாண்டும்போது மிஷின் ஓடும் சத்தம் கேட்டால் கொஞ்சம் வேகமாக நடப்பாள்.

இந்த முறைதான் முதல் தடவையாகப் பெட்டிக்குப் பதில் மிஷினில் ஓட்டு. பொத்தான் அமுக்கப் பழக வேண்டும் என்று காசிநாதன் ஊர்ப் பெண்களை ஐம்பது ஐம்பது பேராகப் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச்சொன்னான். கட்சி கொடுத்த அட்டை மிஷின் ஒன்று வைத்திருந்தான். வேட்பாளர் பெயர், சின்னம், நீலப் பொத்தான் எல்லாம் அட்டையில் அச்சடித்திருந்தது. பழக்கிக் காட்டுவதற்குத் தன் மனைவியையே எழுப்பினான். அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து மூன்றாவது பொத்தானில் வைத்து அழுத்தினான்.

"இப்பிடி. நல்லா. கீ...ங்குனு சத்தம் வர்ற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது."

"கிளை இன்னிக்குத்தான் சம்சாரம் கைய புடிக்கிறாரு, வுட மனசு வரல போல" என்றாள் பக்கத்து வீட்டு ராஜம். எல்லோரும் சிரித்தார்கள். பச்சையம்மாளும் சிரித்தாள். அவன் பதினாறு தடவை அப்படிச் செய்தான், ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு தடவை. விரல் கணு இரண்டு நாள் வலித்தது.

ஓட்டுப் போடும் நாளில் அட்டை மறைப்புக்குப் பின்னால் போனபோது அங்கே யாரும் இல்லை. யாருமே இல்லை. பின்னாலிருந்து கூப்பிட வாய்ப்பில்லாத ஓர் இடத்தில் கடைசியாக எப்போது நின்றோம் என்று அவளுக்கு நினைவு வரவில்லை. விரல் மூன்றாவது பொத்தானுக்குத்தான் போனது. பழக்கிய விரல். ஆனால் கண் கீழே இறங்கி ஏழாவது வரியில் நின்றது. ஞானதாஸ், சுயேச்சை. பக்கத்தில் தையல் மிஷின் படம், சக்கரமும் ஊசியுமாகக் கச்சிதமாக வரைந்திருந்தது. யார் அந்த ஞானதாஸ் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அமுக்கினாள். சத்தம் வந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும் வரை சந்தோஷமாக இருந்தது.

அப்புறமும் பயப்படவில்லை. போன எலெக்ஷனில் எண்ணிவிட்டு வந்த காசிநாதன், எல்லாப் பெட்டியையும் ஒரே ட்ரம்மில் கொட்டிக் கலக்கி எண்ணினார்கள், எந்த ஊர் எவ்வளவு என்று ஒரு மண்ணும் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இந்தத் தடவையும் அப்படித்தான் கலக்குவார்கள், தன் ஒன்று எங்கேயோ கரைந்துபோகும் என்று நினைத்தாள். மிஷினைக் கொட்டிக் கலக்க முடியாது என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை தெருக்குழாயடியில் ராஜம்தான் ஆரம்பித்தாள்.

"அத்தினி சின்னம் கீது. எதுக்குடி தையல் மிஷினு? யோசிச்சிப் பாரு. தையல் மிஷினு யாரு வூட்ல கீது?"

குடங்கள் நின்றன. யாரும் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஊரில் இருந்தது ஒரே ஒரு மிஷின்.

"கட்சி குடுத்த மிஷினு, கட்சி குடுத்த வேல. சோறு போட்ட கையையே..." என்று இன்னொருத்தி இழுத்தாள்.

பச்சையம்மாள் தன் குடம் நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். 'அவ அப்பிடிப் போடறவ இல்ல' என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்குத் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டியதுகூட இல்லை. சொல்லவில்லை. பயத்தால் சொல்லவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடக்கும்போது பயத்துக்கு அடியில் வேறொன்று இருப்பதும் தெரிந்தது. கன்னியம்மா வீட்டு மிஷின் இரண்டு நாளைக்கு ஓடாது என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. சந்தோஷம் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிவைத்துவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள்.

இரண்டு நாளில் பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா தானாகவே பொன்னியம்மன் கோயிலுக்கு வந்து, கற்பூரம் ஏற்றி சத்தியம் செய்கிறேன் என்றாள். ஈரப் புடவையோடு நின்றாள். உள்ளங்கையில் கற்பூரம் எரிந்தது.

"நம்ம சின்னத்துக்குத்தான் போட்டேன். பொய்யா இருந்தா என் புள்ள எனக்கு இல்ல" என்றாள். ஒரே மகன் ரஞ்சித்குமார் கூட்டத்தில்தான் நின்றான், பத்தாவது படிக்கிறவன். தன் பெயர் அங்கே வருவதைக் கேட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பெண்கள் கூட்டத்தில் முதல் வரிசையில் பச்சையம்மாள் நின்றாள், கிளைச் செயலாளர் மனைவி என்பதால் அவளை முன்னால் தள்ளியிருந்தார்கள். கற்பூரம் அணையும் வரை நேரம் இருந்தது. ஓரடி எடுத்துவைத்தால் போதும். காலை நகர்த்தப் பார்த்தாள். மகள் கீர்த்தனா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சாக்காக வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பிள்ளை பிடித்திருந்த பிடி அவ்வளவு இறுக்கம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"கைய ஒதறிட்டா பாரு, கற்பூரம் முழுசா அணையறதுக்குள்ள" என்றாள் ராஜம், திரும்பி வரும் வழியில். சத்தியம் எடுபடவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கன்னியம்மாவே வீட்டுக்கு வந்தாள். தைத்து முடித்த ரவிக்கையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். காசிநாதன் வெளியே போயிருந்தான்.

"உள்ள வா."

"வேணாம் அண்ணி. யாராச்சும் பாத்தா உங்களுக்கும் பேஜாரு." வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். "அண்ணாத்தகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லணும். ஸ்கூலு தெறந்தா வேல இல்லன்னு பேசிக்கிறாங்களாம். மிஷினுல வர்றது துணி சோப்புக்குக்கூட காணாது. இப்ப அதுக்கும் யாரும் துணி குடுக்கறதில்ல. இந்த ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சி, உங்களுது."

பச்சையம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கன்னியம்மா அண்ணாந்து குடித்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போட்டவளின் கழுத்தா இது?

"யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியும் அண்ணி."

பச்சையம்மாள் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"டீக்கட சின்னராசு மருமவ. வேற யாரு? மெட்ராஸ்ல படிச்சவ. அவ மூஞ்சியப் பாருங்க, யாரையும் மதிக்காத மூஞ்சி. ஆனா அவங்க வூட்ல காசு கீது, ஆம்பள கீறான். அவள யாரு கேப்பா? நாந்தான் கெடச்சேன்." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க, அவளாத்தான இருக்கும்?"

அந்தக் கேள்விக்குப் பச்சையம்மாள் தலையாட்டினாள். மேலும் கீழுமாக, ஒரு முறை. ஆட்டிய பிறகுதான் ஆட்டியது தெரிந்தது. ஒருத்தியை மாட்டிவிட்டது போதாதென்று இப்போது இரண்டாவதாகவும் ஒருத்தி.

கன்னியம்மாவின் முகம் தெளிந்தது. "நீங்க ஒத்தராச்சும் நம்புறீங்களே. அது போதும்" என்று எழுந்தாள். தையல் கூலியை வாங்கிக்கொள்ளவில்லை. எவ்வளவு வற்புறுத்தியும் வாங்கவில்லை.

அவள் போன பிறகு பச்சையம்மாள் ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாள். பாந்தமாக இருந்தது. கையில் மடித்த ஓரம்கூட ஒரே நேராக ஓடியிருந்தது. கழற்றிப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அன்று மாலை காசிநாதனிடம் பேச்செடுத்தாள். "கன்னியம்மா போட்டிருக்க மாட்டா. சூடம் ஏத்தி சத்தியம் பண்ணாளே."

"அவளோ எவளோ, எனக்கு இன்னா? ஒன்றியம் ஜானகிராமனுக்கு ஒரு பேரு வேணும். பேரு குடுத்தா என் தலவலி தீரும். அவரு ஆளுக்கு அந்த சமையல் வேலயும் கெடைக்கும்." நாஸ்தா சாப்பிடுவதைப் பற்றிப் பேசுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். "ஏன், உனக்கு யாரு மேலயாச்சும் சந்தேகமா?"

"இல்ல" என்றாள்.

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. கோபப்படும் உரிமையை எங்கேயோ விட்டுவிட்டதுபோல இருந்தது. அவனாவது பதவிக்காகச் செய்கிறான். நான் எதற்காக என்று கேட்டுக்கொண்டாள். பாத்திரம் தேய்க்கும்போது கேட்டாள். கீர்த்தனாவுக்குத் தலை பின்னும்போது கேட்டாள். மிஷின் வேண்டும் என்று வாயைத் திறந்து இன்னொரு முறை கேட்காமல், யாருக்கும் தெரியாத இடத்தில் போய்க் கேட்டுவிட்டு, பதில் வந்ததும் வேறொருத்தியைக் கைகாட்டிவிட்டேன். யோசித்தால் இவ்வளவுதான் மிஞ்சியது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. மூன்றாவது வாரம் ஜானகிராமன் ஜீப்பில் வந்தார். வந்தது சனிக்கிழமை மத்தியானம். கூடத்தில் ராஜமும் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் மற்ற நாலு பெண்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். காசிநாதன்தான் வரச்சொல்லியிருந்தான். ஒரு முழுத் தாளில் மனு தயாராக இருந்தது, ஒன்றிய அலுவலகத்துக்கு.

"மொத கையெழுத்து கிளை வூட்டுது. அப்பாலதான் மத்தவங்க" என்றார் ஜானகிராமன், காபியை ஆற்றிக்கொண்டே. "அப்பத்தான் மனுவுக்கு ஒரு வெயிட்டு."

காசிநாதன் தாளையும் பேனாவையும் அவளிடம் கொடுத்தான். "இங்க. பேருக்கு நேரா."

பச்சையம்மாள் நின்றபடியே படித்தாள். பன்னிரண்டாம் தேதி சத்துணவுச் சாம்பாரில் பல்லி கிடந்ததாகவும், அதைச் சாப்பிட்ட பிள்ளைகள் வாந்தி எடுத்ததாகவும், சமையலர் கன்னியம்மா சுத்தமாக இருப்பதில்லை என்றும், பெற்றோர்களாகிய நாங்கள் என்றும் இருந்தது. பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்று கீர்த்தனா வீட்டுக்கு வந்து, இன்றைக்கு முட்டை போட்டார்கள், கன்னியம்மா அத்தை எனக்கு மட்டும் குழம்பு இரண்டு தரம் ஊற்றினாள் என்று சொல்லியிருந்தாள்.

"இன்னா அண்ணி, இம்மா நேரம்?" ராஜம் சிரித்தாள். "பாட புஸ்தகமா அது?"

"அம்மாவுக்குப் படிக்க செரமமா இருந்தா ரேக வெக்கட்டுமே, காசி. மை கீதா வூட்ல?" என்றார் ஜானகிராமன். பாயில் இருந்தவர்கள் மெல்லச் சிரித்தார்கள். காசிநாதனும் சிரிக்கப் பார்த்தான்.

"படிச்சிட்டேங்க" என்றாள்.

"அப்பால இன்னா?"

தொண்டையில் இத்தனை நாள் சொல்லாத வாக்கியம் வந்து நின்றது. நான்தான் போட்டேன். இரண்டே சொல். இந்த ஏழு பேர் முன்னால் அதைச் சொல்லிவிட்டால் கன்னியம்மா நாளைக்கே தலை நிமிர்ந்து நடப்பாள். சின்னராசு மருமகள் தப்பிப்பாள். காசிநாதன் ஊருக்கு முன் நிற்க முடியாமல் போவான். வாக்கியம் வரவில்லை. வராது என்று அவளுக்குத் தெரிந்தது. தான் அவ்வளவு தைரியமான பெண் இல்லை என்பதும் தெரிந்தது, அதில் வெட்கப்படக்கூட நேரம் இல்லை. ஆனால் இந்தத் தாள் வேறு. இதில் பெயரை எழுத இந்தக் கை வேண்டும்.

"பல்லி வுழலீங்க. எம் பொண்ணும் அன்னிக்கு அங்கதான் சாப்புட்டா."

"அது எங்களுக்குத் தெரியாதா?" காசிநாதன் குரலைத் தாழ்த்தினான். "போடுடி. ஒன்றியம் காத்துகினு கீறாரு."

"நான் போடல."

"இன்னா?"

பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தாள். இரண்டையும் சேர்த்து அவன் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். காசிநாதன் அவளைப் பார்த்தான். முதலில் கோபமாகத்தான் பார்த்தான். பிறகு அந்தப் பார்வை மெதுவாக மாறியது. எதையோ கூட்டிப் பார்ப்பவன்போல அவன் கண்கள் சிறுத்தன. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்த ஓட்டு உன்னுடையதா என்று கேட்டால், இல்லை என்று இன்றைக்குச் சொல்லப்போவதில்லை. அவன் கேட்கவில்லை.

ஜானகிராமன் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாப்பா காசி, உன் வூட்லயே இப்பிடியா?"

ராஜம் பாயில் தாளை நோக்கி நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தியிருந்தாள். "அப்போ நாங்க போடறதா, வேணாமா அண்ணி?"

"எனக்குத் தெரியாது ராஜம். நான் போடல" என்றாள் பச்சையம்மாள்.